இரண்டு குழுவாகப் பிரித்தது யார்?

செவிலியர் கல்லூரியில் முதுநிலை மாணவிகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். நான் கணிதம் படித்து வந்தவன். மருத்துவமனை பழகியது பிறகுதான். ஆய்வுத் திட்ட வரைவுகள் என் மேசைக்கு வரத் தொடங்கும் மாதத்தில், தாளை நீட்டிய கையோடு மாணவிகள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான், குழுக்களை ஒப்பிட எந்தப் புள்ளியியல் சோதனையைப் போடுவது என்று: "சார், இதற்கு டி-சோதனை போடட்டுமா, கை-வர்க்கச் சோதனை போடட்டுமா?" என் பதிலும் மாறுவதில்லை. "அதைக் கடைசியில் பார்க்கலாம். இந்த நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது யார்? அதை முதலில் சொல்லம்மா."

பெரும்பாலும் பதில் வராது. யாரும் பிரிக்கவில்லை, அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்று தயங்கிச் சொல்பவள் உண்டு. அவள் தேறிவிடுவாள் என்று அப்போதே தெரிந்துவிடும். புகைப்பவர்கள் ஒரு குழு, புகைக்காதவர்கள் இன்னொரு குழு என்றால், பிரித்தவர்கள் அவர்களேதான். ஆய்வாளர் வந்து பார்த்தார், எண்ணினார், எழுதிக்கொண்டார். அது நோக்கு ஆய்வு. யாருக்குப் புதிய சிகிச்சை, யாருக்குப் பழையது என்பதை ஆய்வாளர் முடிவு செய்திருந்தால் அது சோதனை. முதல் ஆண்டுப் பாடநூலில் ஆய்வு வகைகள் என்று ஒரு பெரிய வரைபடமே இருக்கும்; கிளை கிளையாகப் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். அந்த வரைபடத்தின் அடிமரம் இந்த ஒரு கேள்விதான். கடைசி அத்தியாயத்தில் எந்த வாக்கியத்தை எழுத உரிமை உண்டு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த உரிமையைச் சூத்திரத்தால் வாங்கித்தர முடியாது.

ஆனால் அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்பே பல வரைவுகள் வேறோர் இடத்தில் தடுக்கி விழுகின்றன. முதல் பக்கத்தில் தலைப்பு இருக்கும்: மாவட்டத்தில் வாழும் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு அறிவு. நான்காம் பக்கத்தில் மாதிரி இருக்கும்: ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் அறுபது பேர். இந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் ஒரு மாவட்டமே காணாமல் போய்விடுகிறது.

எதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோமோ அது முழுமைத் தொகுதி. கையில் கிடைத்திருப்பது கூறு, அதாவது மாதிரி. இதைச் சொல்லிக்கொடுக்க நான் மாணவிகளைப் புறநோயாளிகள் பிரிவுக்கே அழைத்துப்போய் ஒரு மணி நேரம் பெஞ்சுகளைப் பார்க்கச் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, வெளியே போய் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்கள்தான் வினாத்தாளுக்கு அகப்படுகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர் முதல் ரத்தத்தோடு கிளம்பிவிட்டார். அன்றைய கூலி போய்விடுமே. கால் புண் முற்றியவர் அறுவை சிகிச்சை வார்டில் படுத்திருக்கிறார். நாட்டு மருந்தோடு நிறுத்திக்கொண்டவர் இந்த வளாகத்துக்கே வருவதில்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர் ஊரில் நிம்மதியாக இருக்கிறார். பெஞ்சில் மிஞ்சியவர்கள் உடம்பைப் பற்றி ஓரளவு அக்கறையும், காத்திருக்க நேரமும் உள்ளவர்கள். அவர்களுடைய பாதப் பராமரிப்பு அறிவு மாவட்டத்தின் அறிவைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஏறக்குறைய எல்லா வரைவிலும் எழுதியிருக்கும். எனக்கு அலுத்துவிட்டது. பானையில் எல்லா அரிசியும் ஒரே மூட்டையிலிருந்து வந்து, ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. துடுப்பால் கிளறியும் விட்டாயிற்று. ஊர் அப்படிக் கிளறப்பட்டதா? பணக்காரத் தெரு ஒரு பக்கம், குடிசை மாற்று வாரிய அடுக்ககம் இன்னொரு பக்கம். கிளறாத பானையில் மேலே நிற்கும் சோற்றைத் தொட்டுப் பதம் சொல்லக் கூடாது என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

மாதிரி எடுப்பதைச் சமவாய்ப்பு முறையில் செய்வது அந்தக் கிளறலுக்கு ஈடாகத்தான். இந்தத் தொகுதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதிரியில் இடம்பெற அறியப்பட்ட ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். யார் வருகிறார் என்பதை ஆய்வாளரின் வசதியோ வருபவரின் விருப்பமோ முடிவு செய்யக் கூடாது. சென்னையில் 2001-இல் தொடங்கிய நகர்ப்புற, கிராமப்புற நீரிழிவு ஆய்வை இதற்கு எடுத்துக்காட்டுவேன். அன்றைய மாநகராட்சியின் 155 வட்டங்களில் 46 வட்டங்களைத் தேர்ந்தெடுத்து, வீடுவீடாகப் போய் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வருபவரைப் பிடிப்பதற்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. சர்க்கரை இருப்பது தெரியாதவரும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

ஒரு முதுநிலை மாணவிக்கு இவ்வளவு ஆளும் பணமும் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். கிடைக்காது. அதற்கு நான் சொல்லும் வழி எளிது: மாதிரியைப் பெரிதாக்க முடியாவிட்டால் தலைப்பைச் சிறிதாக்குங்கள். இன்ன மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு இன்ன மாதங்களில் வந்தவர்கள் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. பெஞ்சில் இருப்பவர்களிலும் வரிசைச் சீட்டு எண்ணை வைத்து ஐந்தாமவர், பத்தாமவர் என்று எடுத்தால், சிரித்த முகமாக இருப்பவரிடம் மட்டும் போய்க் கேட்கும் பழக்கமாவது ஒழியும். அறுபதை அறுநூறாக்கினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதே பெஞ்சில் அறுநூறு பேரைக் கேட்டாலும் கட்டட வேலைக்குப் போனவர் வரப்போவதில்லை. எண்ணிக்கை கூடினால் தற்செயலால் வரும் ஆட்டம் குறையும். ஒருபக்கச் சாய்வு அப்படியே இருக்கும்; சாய்ந்த விடையை இன்னும் உறுதியோடு சொல்ல வைக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வருகைப் பதிவேட்டின் எண்களைச் சீட்டெழுதிப் போட்டு, ஒவ்வொருத்தியும் பத்துப் பேரைக் குலுக்கி எடுத்து அவர்களின் சராசரி உயரத்தைக் கரும்பலகையில் எழுதுவாள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருக்கும், ஆனால் ஒன்றுபோல் இருக்காது. வகுப்பு முழுவதின் உண்மையான சராசரி தொகுதியின் பண்பளவை, அது ஒன்றே ஒன்று. பலகையில் இருப்பவை கூறுகளின் பண்பளவைகள், எடுக்க எடுக்க மாறுபவை. புள்ளியியலின் பாதிப் பாடநூல் இந்த மாற்றம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பற்றியதே.

ஆளுக்கு ஆள் மாறும் பண்புகளான மாறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்த வகை பெயரை மட்டும் வைத்துப் பிரிவது. வலியைக் கொஞ்சம், மிதம், கடுமை என்று சொல்வது வரிசையில் பிரிவது. எடையும் ரத்த அழுத்தமும் அளந்து வருபவை. கணினியில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறித்துவிட்டு, பாலினத்தின் சராசரி 1.4 என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருவார்கள். மென்பொருள் மறுக்காது, எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துத் தரும். இன்னொன்று, மருத்துவமனையில் தங்கிய நாட்களுக்குச் சராசரி மட்டும் போடுவது. ஐந்து நோயாளிகள் 3, 3, 4, 5, 45 நாட்கள் தங்கினார்கள் என்றால் சராசரி 12. பன்னிரண்டு நாளுக்குப் பக்கத்தில்கூட யாரும் தங்கவில்லை. நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 4. வார்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியரும் அதைத்தான் ஒப்புக்கொள்வார். ஆனால் படுக்கை ஒதுக்கீட்டுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு அந்த 45 நாள்காரரும் முக்கியம். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் எந்த அளவு நல்லது என்று சொல்ல முடியாது.

இனி அடிமரத்துக்கு வருகிறேன்.

நோக்கு ஆய்வுகளில் நேரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தால் பெயர்கள் தாமாக நினைவில் நிற்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. 2019-21-இல் ஏறத்தாழ 6.36 லட்சம் குடும்பங்களைச் சந்தித்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு அந்த வகை. எத்தனை பேருக்கு ரத்தசோகை, எத்தனை வீட்டில் கழிப்பறை என்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதற்கு இதனிடம் பதில் இல்லை. உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு மூட்டுவலி அதிகம் என்று ஒரு மாணவி கண்டுபிடித்துவந்தாள். மூட்டுவலி வந்ததால் நடையை நிறுத்தியவர்களாக இருக்கலாமே என்று கேட்டதும், அவளுக்கு முன்பாகப் பக்கத்தில் இருந்த தோழி சிரித்துவிட்டாள்.

நோயிலிருந்து பின்னோக்கிப் போவது நோயுற்றோர், நோயற்றோர் ஒப்பீடு. 1950-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களையும் எடுத்துக்கொண்டு, புகைத்தது உண்டா என்று கேட்டார்கள். புற்றுநோய்க்காரர்களில் புகைக்காதவர் 2 பேர். மற்றவர்களில் 27 பேர். இதைப் பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு குழப்பம் வரும்: நோயில்லாத பக்கத்திலும் பெரும்பாலோர் புகைத்திருக்கிறார்களே, அப்புறம் எப்படி? அந்தக் குழப்பம் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, புற்றுநோய் வந்தவர்களில் இத்தனை சதவீதம் புகைத்தார்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அன்றைய லண்டனில் மிகப் பெரும்பாலான ஆண்கள் புகைத்தார்கள். மறுபக்கம் இருந்தால்தான் 2-க்கும் 27-க்கும் உள்ள தூரம் தெரியும். விபத்தில் இறந்தவர்களில் இத்தனை பேர் ஹெல்மெட் போடவில்லை என்று செய்தித்தாள் சொல்லும்போதும், அந்தச் சாலையில் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் போட்டிருந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய ஒன்று நடந்திருக்கிறது. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் அவர்களின் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்து, உயிரோடு இருந்த சுமார் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைத்தவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. பீடியைப் புற்றுநோயோடு மட்டும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த நமக்கு அது புதிய செய்தி. இந்த முறையின் பலவீனத்தையும் அங்கேயே பார்க்கலாம்: இறந்தவரின் பழக்கத்தை வேறொருவர் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் கூட்டியும் சொல்லலாம், மறைத்தும் சொல்லலாம். அதற்காக முறையைத் தள்ளிவிட முடியாது. அரிதான நோய்க்கும், வருவதற்குப் பல ஆண்டு பிடிக்கும் நோய்க்கும் பின்னோக்கிப் போவதுதான் கட்டுப்படியாகும்.

முன்னோக்கிப் போவது கோஹார்ட் ஆய்வு. அதே டாலும் ஹில்லும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, புகைக்கிறீர்களா என்று கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று காத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது அந்தக் கணக்கு. பழக்கத்தை முதலில் எழுதிக்கொண்டதால், நோய் வந்த பிறகு நினைவு திரிகிறது என்ற குற்றச்சாட்டுக்கு அங்கே இடமில்லை. இரண்டாண்டுப் படிப்பில் இதைச் செய்ய முடியாது என்பதால் மாணவிகளுக்கு இதில் ஆர்வம் குறைவு. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு முன் சேர்ந்தவர்களை இன்றுவரை பின்தொடர்வதும் கோஹார்ட்தான் என்று சொன்னால் சிலர் நிமிர்ந்து உட்கார்வார்கள். பதிவேட்டு அறையில் உள்ள கரையானைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள், அது வேறு கதை.

இந்த மூன்றிலும் பிரித்தது ஆய்வாளர் அல்ல. புகைக்கிறவர் குடிக்கிறவராகவும் இருக்கலாம், நெருக்கடியான வீட்டில் வாழ்பவராகவும் இருக்கலாம். பழக்கத்துக்கும் நோய்க்கும் ஊடே புகுந்து விளையாடும் மூன்றாவது காரணி எது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தெரிந்த காரணியைக் கணக்கில் சரிக்கட்டிவிடலாம். தெரியாததை என்ன செய்வது?

1954-இல் அமெரிக்காவில் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது கிடைத்த எண்களை நான் தவறாமல் எழுதிக்காட்டுவேன். பெற்றோர் சம்மதித்த குழந்தைகளைச் சமவாய்ப்பில் பிரித்து, சுமார் இரண்டு லட்சம் பேருக்குத் தடுப்பூசியும், சுமார் இரண்டு லட்சம் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 71 பேருக்கும் போலியோ வந்தது. சம்மதிக்காத வீட்டுக் குழந்தைகளுக்கு எந்த ஊசியும் இல்லை. அவர்களில் லட்சத்துக்கு 46. மருந்தே இல்லாத இரண்டு கூட்டத்தில் ஒன்றுக்கு 71, மற்றதற்கு 46! சம்மதித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுக்காரர்கள். சுத்தமான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் அந்தக் கிருமி பரிச்சயமாவதில்லை, அதனால் பிற்பாடு தாக்கும் வாய்ப்பு கூடுதல். ஊசி போட்டவர்களையும் மறுத்தவர்களையும் நேரே ஒப்பிட்டிருந்தால் 28-க்கு எதிரே 46 நிற்கும், ஊசியின் பலன் பாதியாகச் சுருங்கித் தெரியும். விரும்பி வருகிறவர்களும் விரும்பாதவர்களும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை சென்னையில் நடந்தது. புறநகர் ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிறுத்தத்தை நாள்தோறும் கடந்துபோகிற பலருக்கு, ஒரு காலத்தில் காசநோய் என்றால் வீட்டை விட்டுச் சானடோரியத்துக்குப் போய் மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான் வைத்தியம் என்பது நினைவிருக்காது. ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று. படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எட்டவே எட்டாது. மாத்திரைகள் வந்துவிட்ட 1950-களில், வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

சானடோரியத்தில் குணமானவர்களையும் வீட்டிலிருந்து குணமானவர்களையும் பதிவேட்டைப் பார்த்து ஒப்பிட்டால் போதாதா என்று வகுப்பில் கேட்பேன். இந்த இடத்துக்குள் மாணவிகள் தேறியிருப்பார்கள். பதில்கள் வந்து விழும். நோய் முற்றியவரைத்தான் மருத்துவர் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். இல்லை, சிபாரிசு உள்ளவருக்குத்தான் படுக்கை கிடைத்திருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர் போக மறுத்திருப்பார். எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாத அளவுக்குக் காரணங்கள். அதனால்தான் சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டில், ஒரு பிரிவினர் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் சாப்பாடு மேலானது, ஓய்வு கூடுதல். வீட்டுப் பிரிவினரின் நெருக்கடியான குடியிருப்புகளுக்குத் திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளி சொல்வதை நம்புவது வேறு, அளப்பது வேறு.

1959-இல் முடிவு வெளிவந்தது. நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். சானடோரியம்தானே மேல் என்று சிலர் சொல்வார்கள். இந்த அளவுள்ள பிரிவுகளில் 6 சதவீதம் என்பது ஐந்தாறு பேர். சீட்டுக் குலுக்கலில் உயரத்தின் சராசரி எப்படி ஆடியது என்று பலகையில் பார்த்தவர்களுக்கு, இது தற்செயலாகவே வரக்கூடிய தூரம் என்பது புரியும். பி-மதிப்பு என்று பயமுறுத்தும் சங்கதி இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் வழிதான்: சிகிச்சையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், குலுக்கலின் தயவில் மட்டும் இவ்வளவு தூரம் வர எவ்வளவு வாய்ப்பு? வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாக வந்ததா என்பதையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள், அப்படியும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கும், வீட்டிலிருந்தே காசநோய்ச் சிகிச்சை என்பது உலகெங்கும் நடைமுறையானதற்கும் இந்த 193 பேர் முக்கியக் காரணம்.

நல்ல சோதனை நாம் விரும்பும் விடையைத் தரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சுமார் 3.6 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். தடுப்பூசியா, போலி ஊசியா என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பிறகு நோயைக் கண்டறிந்தவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதுதான் விடை. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த பிறகும் அதே விடை. அப்படியானால் குழந்தைக்கு ஏன் இன்னும் போடுகிறோம் என்று கேட்பார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளுக்காக. செங்கல்பட்டில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. ஓர் ஆய்வு, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

சமவாய்ப்பில் பிரிப்பதை எழுதுவது எளிது, வார்டில் செய்வது கடினம். ஒற்றைப்படைத் தேதியில் வந்தவர் புதிய சிகிச்சைக்கு, இரட்டைப்படையில் வந்தவர் பழையதற்கு என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அடுத்தவர் எந்தப் பிரிவு என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மனித மனம் சும்மா இருக்காது. கைக்குழந்தையோடு வந்த பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டு, "அம்மா, நீங்கள் நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார் நல்ல மனம் படைத்த ஒரு செவிலியர். 1948-இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனையில் பிராட்ஃபோர்டு ஹில் ஒட்டிய உறைகளைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று முடிவான பிறகே உறை பிரிக்கப்படும். எங்கள் மாணவிகளுக்கு நான் சொல்வது: வெளிச்சத்தில் பிடித்தாலும் படிக்க முடியாத தடித்த உறை, மேலே வரிசை எண், உறைகள் வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் மேசையில்.

இன்னொரு தலைவலி, ஒரே வார்டில் இரண்டு பிரிவையும் வைப்பது. பாதப் பராமரிப்புத் துண்டுப் பிரசுரத்தை ஏழாம் கட்டிலுக்குக் கொடுத்தால், எட்டாம் கட்டில்காரரின் மனைவி மாலைக்குள் அதை வாங்கிப் படித்துவிடுவார். இரண்டு பிரிவுக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும். அப்போது ஆட்களைப் பிரிக்காமல் வார்டுகளைப் பிரிக்க வேண்டும், அதற்கு நிறைய வார்டுகள் வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு என்று, ஒரே குழுவுக்கு முன்தேர்வு, பாடம், பின்தேர்வு என்று முடித்துக்கொள்வதுதான் எங்கள் துறையில் பெருவழக்கு. ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து மூச்சுப்பயிற்சி கொடுத்தோம், இரண்டு வாரத்தில் குறைந்தது என்பார்கள். இதை வாதாடிப் புரியவைக்க முடியாது, பகடைதான் வழி. வகுப்பில் எல்லோரும் ஒரு முறை பகடையை உருட்டுவார்கள். ஒன்று, இரண்டு போட்டவர்களைப் பின்தங்கியவர்கள் என்று முன்னால் நிறுத்தி, பகடையை எப்படிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று மிகுந்த சிரத்தையோடு பாடம் நடத்துவேன். மறுபடி உருட்டச் சொன்னால், ஒன்றரையை ஒட்டி இருந்த அவர்களின் சராசரி மூன்றரையை ஒட்டி ஏறிவிடும். அடுத்து ஐந்து, ஆறு போட்டவர்களை அழைத்துப் பாராட்டிவிட்டு உருட்டச் சொல்வேன். சராசரி சரிந்துவிடும். "சார், பாராட்டினால் கெட்டுவிடுகிறோமா?" என்று ஒருத்தியாவது கேட்பாள். ஓர் அளவு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஆளைப் பிடித்தால், அடுத்த முறை அது நடுவை நோக்கித் திரும்பத்தான் செய்யும். ரத்த அழுத்தம் பகடையைப் போல முழுக்கத் தற்செயல் அல்ல. ஆனால் அன்றைய பதற்றம், படியேறி வந்த மூச்சு, முந்தைய இரவின் தூக்கம் என்று அதில் ஒரு பங்கு தற்செயல் உண்டு. மூச்சுப்பயிற்சி பெறாத, அதே அளவு அழுத்தம் உள்ள இன்னொரு குழுவும் எவ்வளவு இறங்கியது என்று தெரியாமல் நம் இறக்கத்துக்கு விலை போட முடியாது.

எல்லாவற்றையும் சோதனையாக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி அல்ல. யாரையும் பீடி பிடிக்கச் சொல்லிக் குலுக்கல் போட முடியாது. புகையின் தீங்கை உலகம் அறிந்தது நோக்கு ஆய்வுகளால்தான். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில், வெவ்வேறு பலவீனங்களோடு செய்தவை எல்லாம் ஒரே திசையைக் காட்டியதால் அறிந்தது. ஒரு தனி ஆய்வை வைத்துக்கொண்டு, இதனால்தான் அது வந்தது என்று எழுதுகிற அவசரத்தைத்தான் நான் சிவப்பு மையால் அடிக்கிறேன்.

இப்போதெல்லாம் வரைவு கையெழுத்தாவதற்கு முன் ஒரு வேலை கொடுக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் இன்றே வரைந்து காட்ட வேண்டும். நிரல்களின் தலைப்பு என்ன, நிரைகளில் யார், ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி வருமா சதவீதம் வருமா, எல்லாம் எழுதியாக வேண்டும். அட்டவணைக்குக் கீழே, எந்த எண் எப்படி வந்தால் என்ன சொல்வேன் என்று ஒரு வாக்கியம். எதிர்மாறாக வந்தால் என்ன சொல்வேன் என்று இன்னொரு வாக்கியம். வினாத்தாளில் எந்தக் கட்டத்துக்கும் போய்ச் சேராத கேள்விகள் அப்போது வெளியே தெரியும். அவற்றை அடித்துவிட்டால் நோயாளிக்கும் நேரம் மிச்சம். ஒப்பிடுவதற்கு இரண்டாவது நிரல் இல்லை என்பதையும் பலர் அங்கேதான் தாங்களாகக் கண்டுபிடிக்கிறார்கள். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போவதற்கு முன் கண்டுபிடித்தால் ஒரு தாளை மாற்றினால் போதும். தரவு திரட்டி முடித்த பிறகு என்றால் எந்தச் சோதனையைப் போட்டாலும் அந்த நிரல் வந்து சேராது.